எண்ணெய் கலந்த நீரைப் பிரிக்கும் சவ்வுகள்

எண்ணெய் கலந்த நீரை வயலுக்குப் பாய்ச்சினால், எண்ணெய் மண் துகள்களைப் போர்த்து, நீரும் காற்றும் வேருக்குச் செல்லாதபடி தடுக்கும். அந்நீரைத் தொட்டியில் அசையாது நிறுத்தினால் பெருந்துளிகள் மேலே மிதக்கும், அவற்றை வழித்தெடுக்கலாம். மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கினும் சிறிய துளிகளோ எளிதில் மிதப்பதில்லை. அவற்றுக்கே நுண்துளைச் சவ்வு வேண்டும்.

சவ்வின் பெருங்குறை, எண்ணெய் படிந்து துளைகள் அடைபடுதலாம். நனைந்த மீன் செதிலில் எண்ணெய் ஒட்டாது. இத்தன்மையைக் கொண்டு, 2011-ஆம் ஆண்டில் சீன ஆராய்ச்சியாளர் எஃகு வலைமீது நீர் உறிஞ்சும் கூழ்ப் பூச்சிட்டனர். அவ்வலை நீரை விட்டு எண்ணெயைத் தடுத்தது. எனினும் பூச்சு தேயக்கூடியது. வலைக்கண்ணும் நுண்துளிகளுக்குப் பெரிது. அலுமினாவைச் சுட்டுச் செய்யும் பீங்கான் சவ்வு வெப்பத்தையும் பெரும்பாலான அமிலங்களையும் தாங்கும். துளையும் மிக நுண்ணியது. ஆயின் விலை அதிகம், அடிபட்டால் உடையும்.

எச்சவ்வாயினும் முதலில் நீரைத் தெளியவைத்து, மிதக்கும் எண்ணெயை நீக்குதல் அவசியம். சவ்வை நல்ல நீரில் நனைத்த பின்னரே உபயோகித்தல் வேண்டும். சோப்பு நீர் சேர்ந்தால் எண்ணெய் நுண்துளிகளாகச் சிதறும். ஆதலின் அதனைத் தனியே விடுக. எஞ்சினடியில் தட்டு வைத்து எண்ணெயை ஏந்துதல் எல்லாவற்றினும் சிக்கனமாம்.