படகு வராத நாளில் தீவின் அடுப்பு

நாற்புறமும் நீரால் சூழப்பட்ட நிலம் தீவு எனப்படும் என்று கீழ் வகுப்பிலே மனனம் செய்து ஒப்புவித்தோம். அந்த வரைவிலக்கணத்தில் ஒரு குறை உண்டு என்பதை எமக்குக் காட்டியவர் ஆசிரியர் அல்லர். விடுதியில் எம்மோடு தங்கிப் படிக்கும் நெடுந்தீவுத் தங்கச்சி ஒருத்தி. மார்கழி விடுமுறைக்கு வீடு சென்றவள், பாடசாலை தொடங்கி நான்கு நாள் கழித்தே வந்து சேர்ந்தாள்.

"கடல் சரியான கொந்தளிப்பு அக்கா, படகு ஓடேல்லை" என்றாள்.

"அந்த நாலு நாளும் என்ன சாப்பிட்டனீங்கள்?"

"கடையில மாவும் முடிஞ்சுது. அம்மம்மா ஒடியல் எடுத்துக் கூழ் காய்ச்சினா."

அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள். நாமோ ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அப்படி எடுத்துக் காய்ச்ச எம் வீடுகளில் என்ன இருக்கிறது? இந்தக் கேள்வியிலிருந்தே மனையியல் பயிலும் உயர்தர வகுப்பு மாணவிகளாகிய எமது இவ்வாண்டு ஆய்வு பிறந்தது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே பாக்கு நீரிணையில் சிதறிக் கிடக்கும் தீவுகளைத் தீவகம் என்று அழைக்கிறோம். வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் காரைநகருக்கும் கடலை மேவிய தாம்போதிகள் உண்டு. நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகியவற்றுக்குப் படகிலேதான் போகவேண்டும். இவற்றுள் மிகத் தொலைவில் இருப்பதும், ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புடையதும் நெடுந்தீவு. குறிகட்டுவான் துறையில் ஏறினால் ஒரு மணித்தியாலப் பயணம். வாடைக் காற்று மூண்டால் அந்த ஒரு மணித்தியாலமும் இல்லை.

குடாநாட்டில் இருப்பவர்கள் "நாங்கள் தீவாரல்ல" என்று பெருமூச்சு விட்டுக்கொள்ள வேண்டாம். 2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது குடாநாடு முழுவதும் ஒரு தீவாகி, அரிசிக்கும் சீனிக்கும் கப்பலை எதிர்பார்த்து நின்றது. அதை எம் பெற்றோர் மறக்கவில்லை. 2022இல் நாட்டிலே டொலர் தீர்ந்து எரிபொருளுக்கு வரிசை நின்ற காலத்தில், மண்ணெண்ணெய் இல்லாமல் வடபகுதி மீனவரின் படகுகள் கரையில் கிடந்ததை நாமே பார்த்தோம். அப்போது கடல் அமைதியாகத்தான் இருந்தது.

முதல் வேலையாக, ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுச் சமையலறையை ஒரு சனிக்கிழமை கணக்கெடுத்தோம். ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி என்றால் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒன்றரைக் கிலோ. மாதத்துக்கு 45 கிலோ. மூட்டையாக வாங்கி வைக்கும் வீடுகள் ஒரு மாதம் தாக்குப்பிடிக்கும். கிழமைக்குக் கிழமை கடைக்குப் போகும் வீடுகளோ அடுத்த கிழமையே திண்டாடும். பருப்பும் கோதுமை மாவும் பால்மாவும் கடல் கடந்து வந்தவை. முற்றத்தில் முருங்கை நின்ற வீடுகளே எம்முள் செல்வந்த வீடுகள் என்று ஒருத்தி பகிடியாகச் சொன்னாள். கணக்குப் பார்த்தால் அது பகிடி இல்லை.

பின்பு சிஸ்டரின் துணையோடு ஒருநாள் நெடுந்தீவுக்குப் போனோம். பவளக் கற்களைச் சாந்து பூசாமல் அடுக்கிக் கட்டிய வேலிகளையும், ஒல்லாந்தர் காலத்திலிருந்து பேசப்படும் குதிரைகளையும் பார்த்து வியந்தோம் என்று எழுதினால் இது சுற்றுலாக் கட்டுரையாகிவிடும். நாம் போனது தங்கச்சியின் அம்மம்மாவுடைய குசினியைப் பார்க்க. அடுப்புக்கு மேலே புகை படும்படி ஒரு பரண். அதில் ஓலைப் பெட்டிகளில் ஒடியல், புழுக்கொடியல், கருவாடு. மூலையில் மூடிக் கட்டிய பானையொன்றில் பாணிப் பனாட்டு. இவ்வளவையும் பார்த்து நாம் வாய் பிளந்து நிற்க, அவ சிரித்தா.

"உது என்ன பிள்ளையள் பெரிய காரியமே? மழைக்கு முன்னம் எடுத்து வையாட்டி, மழைக்குள்ள ஆரிட்டப் போறது?"

பனையைப் பற்றிப் பள்ளிக்கூடக் கட்டுரைகள் ஏராளம். "கற்பகதரு" என்று தொடங்கிப் பயன்களை வரிசையாக அடுக்கி முடித்துவிடுவோம். உணவுக் காப்பு என்ற கண்ணோடு பார்த்தால் அதன் சிறப்பு வேறோரிடத்தில் இருக்கிறது. நெல்லை அறுத்த கையோடு களஞ்சியம் தேடவேண்டும். பனையின் உணவோ காயவைத்தால் தானே களஞ்சியப் பொருளாகிவிடுகிறது. ஆவணி, புரட்டாதியில் விழும் பழத்தின் களியைப் பிழிந்து பாயில் ஊற்றிக் காயவிட்டு, அதன்மேல் மறுபடி மறுபடி ஊற்றிக் காயவைத்தால் பனாட்டு. எஞ்சிய விதைகளை மணற்பாங்கான இடத்தில் பாத்தியாக அடுக்கி மண் மூடினால், மாரி மழையைக் குடித்து நிலத்துக்குள்ளே கிழங்கு இறங்கும். தை, மாசியில் கிண்டி எடுத்து, பச்சையாகக் கிழித்து உலர்த்தினால் ஒடியல்; அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். நன்கு காய்ந்தது அடுத்த மாரி வரைக்கும் கெடாது. இதற்குக் குளிர்சாதனப் பெட்டி வேண்டாம், மின்சாரம் வேண்டாம், வெயில் போதும். வெயிலுக்குத் தீவகத்தில் எந்நாளும் பஞ்சமில்லை.

மனையியல் மாணவிகள் என்ற வகையில் இரண்டு செய்திகளைச் சொல்லவேண்டும். ஒடியல் மாவைச் சமைக்குமுன் நீரில் ஊறவிட்டு அந்த நீரை வடித்து ஊற்றிவிடவேண்டும். அதில் கசப்பும் உடலுக்கு ஒவ்வாத பொருளும் உண்டு. முன்னோர் இதை ஆய்வுகூடம் இல்லாமலே கண்டுபிடித்திருக்கிறார்கள். மற்றது, ஒடியல் பெரும்பாலும் மாப்பொருள், புரதம் குறைவு. அதனாலே அது தனியே உண்ணப்படுவதில்லை. கூழுக்குள் மீன் வருகிறது, நண்டு வருகிறது, இறால் வருகிறது. பயற்றங்காயும் மரவள்ளியும் கீரையும் பழப்புளியும் செத்தல் மிளகாயும் வருகின்றன. நிறையுணவு என்று பாடநூல் வட்டம் கீறிக் காட்டுவதை, பிளாவில் ஊற்றிக் கையில் தந்துவிடுகிறார்கள்.

ஆனால் கூழ் காய்ச்சத் தண்ணீர் வேண்டும். இங்கேதான் தீவின் உயிர்நிலை இருக்கிறது.

தீவகத்தில் ஆறு இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையே முதல். அது சுண்ணக்கல்லின் வெடிப்புகளால் இறங்கி, அடியில் ஊறி நிற்கும் கடல்நீரின் மேலே மிதக்கிறது. நன்னீர் உவர்நீரைவிடப் பாரம் குறைந்தது; எண்ணெய் தண்ணீரின் மேல் நிற்பதுபோல என்று எண்ணிக்கொள்ளலாம், ஆனால் எண்ணெய்போலப் பிரிந்தே நிற்காது, கலங்கினால் கலந்துவிடும். நடுவில் தடித்து ஓரங்களில் மெலிந்து கண்ணாடி வில்லைபோல இருப்பதால் இதை நன்னீர் வில்லை என்பர். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது புவியியலில் படித்த விதி. இதைத் தலைகீழாகப் பார்த்தபோதுதான் எமக்குத் திடுக்கிட்டது. இறைத்து இறைத்து மேல்மட்டத்தை அரை அடி தாழ்த்திவிட்டால், நாளடைவில் அடியிலிருந்து 20 அடி நன்னீர் போய்விடும். அந்த இடத்துக்கு உவர் ஏறும். மேலே பார்ப்பவருக்குக் கிணற்றில் தண்ணீர் குறைந்ததாகவே தெரியாது. வாயில் வைத்தால் மட்டும் தெரியும்.

துலாவால் இறைத்த காலத்தில் மனிதன் களைத்துப்போவான், கிணறு ஊறிக்கொள்ளும். 1950களுக்குப் பின் பரவிய இறைக்கும் இயந்திரம் களைப்பதில்லை. இதனால் துலாக் காலத்துக்குத் திரும்புவோம் என்று நாம் எழுதவில்லை. துலா மிதித்தவர்களின் முதுகைக் கேட்காமல் பழைய காலத்தைப் பொற்காலம் என்பது எளிது. நிலமில்லாதவருக்கும், அடுத்தவர் கிணற்றில் அள்ள உரிமை மறுக்கப்பட்டவருக்கும் அந்தக் காலம் இனித்திருக்காது. உணவுக் காப்பு என்றால் ஊரில் எல்லா வீட்டு அடுப்பும் எரியவேண்டும். சில வீட்டுப் பரண் மட்டும் நிறைந்திருப்பது அதற்கு ஈடாகாது.

கிணற்றின் பாரத்தைக் குறைக்க ஒரு வழி கூரையிலே இருக்கிறது. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் தண்ணீர். ஓட்டுக் கூரை 50 சதுர மீற்றர், ஆண்டு மழை 800 மில்லிமீற்றர் என்று குறைத்தே வைத்தாலும் 40,000 லீற்றர் விழுகிறது. கால் பங்கு சிந்திச் சிதறிப் போகட்டும், 30,000 மிஞ்சும். குடிக்கவும் சமைக்கவும் ஓர் ஆளுக்கு நாளுக்கு 5 லீற்றர் என்றால் ஐந்து பேருக்கு 25. மழையில்லாத எட்டு மாதத்துக்கும், அதாவது 240 நாளுக்கும், 6,000 லீற்றர் போதும். இரண்டு மீற்றர் நீளம், இரண்டு மீற்றர் அகலம், ஒன்றரை மீற்றர் உயரமுள்ள ஒரு தொட்டி அவ்வளவையும் கொள்ளும். முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, நுளம்பு புகாமல் மூடி வைக்கவேண்டும். இந்தக் கணக்கைச் செய்தவள் கணிதத்தில் எப்போதும் பின்வாங்குபவள் என்பதை அவள் அனுமதியுடன் இங்கே குறிப்பிடுகிறோம்.

இனி, எம்மில் சிலருக்கு உறுத்திய ஒரு விடயம். தீவகத்தார் தம் உணவு முழுவதையும் தாமே விளைவித்து வாழ்ந்தார்கள் என்பது உண்மையன்று. வரகும் சாமையும் குரக்கனும் பயறும் விதைத்தார்கள். மழையை நம்பி நெல்லும் போட்டார்கள். ஆடுமாடுகளைப் பட்டியடைத்து வயலுக்கு எருவிட்டார்கள். பூவரசங் குழையை வெட்டித் தாழ்த்தி மண்ணைக் காத்தார்கள். அப்படியிருந்தும் விளைவு போதவில்லை. அதனாலே வேலணையிலிருந்தும் புங்குடுதீவிலிருந்தும் ஊர்காவற்றுறையிலிருந்தும் ஆண்கள் தென்னிலங்கைப் பட்டினங்களுக்குப் போய்க் கடை வைத்தார்கள். மாதாமாதம் மணியோடர் வந்தது. அந்தக் காசு பிள்ளைகளைப் படிப்பித்தது, வீடு கட்டியது, கோயிலும் கட்டியது. கூடவே, "காசு வருகிறதுதானே, எதற்குத் தோட்டம்?" என்ற எண்ணத்தையும் கொண்டுவந்தது. இன்று அதே காசு கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வருகிறது. படகு ஓடாத நாளில் காசை அவிக்க முடியாது.

1990களின் தொடக்கத்தில் போரால் தீவகத்தை விட்டுப் பெயர்ந்தவர்களில் பலர் திரும்பவில்லை. புங்குடுதீவில் கூரையில்லாத கல் வீடுகளை நாம் வாகனத்திலிருந்தே பார்த்தோம். அந்த வளவுகளில் பனைகள் மட்டும் பழத்தை விழுத்திக்கொண்டு நிற்கின்றன, பொறுக்குவார் இல்லை. குடாநாட்டிலும் பெருந்தொகைப் பனைகள் போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்காகவும் காவலரண்களுக்காகவும் தறிக்கப்பட்டன. ஒரு பனை காய்க்கப் பதினைந்து, இருபது ஆண்டு செல்லும். 1978இல் பனை அபிவிருத்திச் சபை தொடங்கப்பட்டதனால் பனம்பொருட்களுக்குக் கடையும் விலையும் உண்டு. ஆனால் பாத்தி போடத் தெரிந்த கைகள் குறைந்து வருகின்றன. அவை பெரும்பாலும் அம்மம்மாமாரின் கைகள்.

ஒரு வீடு தன் பரணை நிரப்பலாம். ஊருக்குப் பரண் எது? அதைப் பற்றி நெடுந்தீவில் பேசியபோது, கூட்டுறவுக் கடையே என்றார்கள் பெரியவர்கள். நாம் கணக்குப் பார்த்தோம். ஒரு குடும்பத்துக்கு நாளுக்கு ஒன்றரைக் கிலோ அரிசி என்றால் நூறு குடும்பத்துக்கு இரண்டு கிழமைக்கு 2,100 கிலோ. 50 கிலோ மூட்டையில் 42. ஒரு சிறிய அறை போதும். முதல் வந்த மூட்டையை முதலில் விற்று, விற்ற அளவுக்குப் புதியதை அடுக்கினால் வண்டும் பிடிக்காது, முதலும் முடங்காது. புரட்டாதி முடியுமுன் அந்த 42 மூட்டையும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க ஊரில் ஒருவர் வேண்டும். விதைக்கும் இதே ஏற்பாடு தேவை. 2021 மே மாதத்தில் இரசாயன உரத்தின் இறக்குமதி ஒரே நாளில் தடைசெய்யப்பட்டு நவம்பரில் அந்தத் தடை நீக்கப்பட்டதற்குள் நாட்டின் நெல் விளைச்சல் எவ்வளவு விழுந்தது என்பதை எல்லாரும் அறிவர். குழை எருவே நல்லது என்பவர்களும், உரமின்றி முடியாது என்பவர்களும் எம் வகுப்பிலே இரு கட்சியாகி நின்றார்கள். ஆனால் எந்த மாற்றத்துக்கும் மண்ணுக்குச் சில பருவங்கள் அவகாசம் கொடுக்கவேண்டும் என்பதில் இரு கட்சியும் ஒன்றுபட்டன.

புறப்படும்போது அம்மம்மா எமக்கு ஒரு கடகம் நிறையப் பனம்விதை தந்தா. படகிலே அதைத் தூக்கி வர நாம் பட்டபாடு தனிக்கதை. விடுதிக் குசினிக்குப் பின்னால், பழைய கரப்பந்தாட்டத் திடலின் ஓரத்தில், சிஸ்டரிடம் அனுமதி பெற்று ஒரு பாத்தி போட்டிருக்கிறோம். முதலில் விதைகளைத் தலைகீழாக அடுக்கிவிட்டோம். தங்கச்சி வந்து பார்த்துச் சிரித்து, எல்லாவற்றையும் எடுத்துத் திருப்பி அடுக்க வைத்தாள். மழை தொடங்கிவிட்டது. தையில் கிண்டுவோம். கிழங்கு எத்தனை தேறியது, எத்தனை பழுதாயிற்று என்ற கணக்கை அடுத்த மலரில் எம் பின்னால் வரும் வகுப்பினர் எழுதுவர்.