நுரையீரல் புற்றுநோய்: புதிய சிகிச்சைகளும் நோயாளியின் உரிமைகளும்

டென்மார்க்கில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 5,000 பேருக்கு நுரையீரல் புற்றுநோய் கண்டறியப்படுகின்றது. 1980களில் இலங்கையிலிருந்து வந்து யுட்லாந்து நகரங்களில் குடியமர்ந்த தலைமுறையினர், இந்நோய் மிகுதியாகக் காணப்படும் வயதை இப்பொழுது அடைந்துள்ளனர். நோய் கண்டறியப்பட்டபின் ஐந்து ஆண்டுகளைக் கடந்து வாழ்வோரின் பங்கு, 2000ஆம் ஆண்டளவில் இருந்ததைவிட இன்று இருமடங்குக்கும் அதிகமாகும். இம்முன்னேற்றத்தின் பயனைப் பெற நோயாளியும் குடும்பத்தினரும் அறிந்திருக்க வேண்டியவற்றை இக்கட்டுரை விளக்குகின்றது.

ஒரு பெயர், பல நோய்கள்

நுரையீரல் புற்றுநோய் என்பது ஒரே நோயன்று. சிறுகலப் புற்றுநோய், சிறுகலம் அல்லாத புற்றுநோய் என அது முதலில் இரண்டாகப் பிரிகின்றது. பெரும்பான்மையோருக்கு வருவது இரண்டாவது வகை. அதனுள்ளும், கட்டியின் கலங்களில் எந்தப் பரம்பரையலகு மாறியுள்ளது என்பதைப் பொறுத்து மருந்து வேறுபடும். ஆகவே, கட்டியிலிருந்து சிறு இழையத் துண்டை எடுத்து ஆராயாமல் சரியான சிகிச்சையைத் தெரிவுசெய்ய இயலாது. "ஊசி குத்தினால் நோய் பரவிவிடும்" என்று அஞ்சிச் சிலர் இப்பரிசோதனையைத் தவிர்க்கின்றனர். அவ்வாறு பரவுவது மிக அரிது. பரிசோதனையைத் தவிர்ப்பதால் உண்டாகும் இழப்போ பெரிது.

சிகிச்சையில் ஏற்பட்டுள்ள மாற்றங்கள்

நோய் பரவாத நிலையில் சத்திரசிகிச்சையே முதன்மையானது. நெஞ்சை அகலத் திறப்பதற்குப் பதிலாக, சிறு துளைகளின் வழியே கமராவைச் செலுத்திச் செய்யும் முறை இங்கு வழக்கமாகிவிட்டது. சத்திரசிகிச்சையைத் தாங்க இயலாதோருக்குச் சிறு கட்டியின்மீது மட்டும் துல்லியமாகக் குவிக்கப்படும் கதிர்ச்சிகிச்சை உண்டு.

பரம்பரையலகு மாற்றம் உள்ளோருக்கு அதனை இலக்காகக் கொண்ட குளிசைகள் உள்ளன. ஈ.ஜி.எவ்.ஆர் என்னும் பரம்பரையலகில் ஏற்படும் மாற்றம் 2004ஆம் ஆண்டு அறியப்பட்டது. சத்திரசிகிச்சைக்குப் பின் ஒசிமெர்டினிப் என்னும் குளிசையை உட்கொண்டோரில் நூற்றுக்கு 88 பேரும், வெற்றுக்குளிசை பெற்றோரில் 78 பேரும் ஐந்து ஆண்டுகளின் பின் உயிருடன் இருந்தனர் என 2023இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. ஏ.எல்.கே என்னும் வேறொரு மாற்றத்துக்கு லோர்லாடினிப் என்னும் குளிசை உண்டு. நோய் பரவிய நிலையில் இதனைப் பெற்றோரில் நூற்றுக்கு 60 பேருக்கு ஐந்து ஆண்டுகள் கடந்தும் நோய் முன்னேறவில்லை.

மூன்றாவது வழி நிர்ப்பீடனச் சிகிச்சை. புற்றுக்கலங்கள் நம் உடலின் பாதுகாப்புக் கலங்களுக்குத் தடைபோடுகின்றன; மருந்து அத்தடையை நீக்குகின்றது. இதற்கு அடிப்படையான கண்டுபிடிப்புக்காக ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹொன்ஜோ ஆகியோருக்கு 2018இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அஸ்பெஸ்டஸ் தூசியால் நுரையீரல் உறையில் உண்டாகும் மீசோதீலியோமா என்னும் புற்றுநோய்க்கும் இச்சிகிச்சை இப்பொழுது பயன்படுகின்றது. தொழிலின் போது அஸ்பெஸ்டஸுடன் தொடர்பு இருந்திருப்பின் வைத்தியரிடம் கூறுக. தொழில்சார் நோய் என ஐயம் எழுந்தால் அதனை அறிவிப்பது வைத்தியரின் கடமையாகும்.

இச்சிகிச்சைகளுக்கும் பக்க விளைவுகள் உண்டு. நிர்ப்பீடனச் சிகிச்சையின் பின் வாரங்கள் கடந்தும் வயிற்றுப்போக்கு, மூச்சுத்திணறல், தோல் தடிப்பு தோன்றலாம். உடனே வைத்தியசாலைக்கு அறிவித்தல் வேண்டும். மூலிகை மருந்துகள் சில, குளிசையின் வீரியத்தைக் குறைக்கக்கூடும். நாட்டு மருந்து எடுப்பவர் அதனை மறைத்தலாகாது.

பரிசோதனை முடிவுக்காகச் சில நாட்கள் காத்திருக்க நேரும்போது, காலம் வீணாகின்றதே எனக் குடும்பத்தினர் கலங்குவதுண்டு. ஆயினும் நிர்ப்பீடன மருந்தைப் பெற்றபின் ஒசிமெர்டினிப் கொடுத்தால் நுரையீரல் அழற்சி ஏற்படும் ஆபத்துக் கூடும். எனவே எது முதலில் என்பதை அம்முடிவே தீர்மானிக்கின்றது.

புகைபிடிக்காதோருக்கும் வரலாம்

இந்நோய்க்கு முதற்காரணம் புகைபிடித்தலே. எனினும் ஒருபோதும் புகைபிடிக்காத பெண்களையும் இது தாக்குவதுண்டு. சிறுகலம் அல்லாத வகையில் மிகப் பரவலான சுரப்பிக்கலப் புற்றுநோயை எடுத்துக்கொண்டால், ஈ.ஜி.எவ்.ஆர் மாற்றம் ஐரோப்பிய நோயாளரில் பத்தில் ஒருவர் அளவிலும், இந்திய நோயாளரில் ஏறத்தாழ நான்கில் ஒருவரிடத்தும் காணப்படுகின்றது. "அம்மா சிகரெட்டைத் தொட்டதேயில்லை" என்பது இருமலைப் பொருட்படுத்தாதிருப்பதற்குக் காரணமாகாது.

மார்பகம், கருப்பை வாய், பெருங்குடல் ஆகியவற்றுக்கான பரிசோதனைக்கு அழைப்புக் கடிதம் வருவதுபோல, நுரையீரலுக்கு நாடளாவிய அழைப்பு இல்லை. ஆகவே நான்கு வாரங்களைக் கடந்தும் நீங்காத இருமல், சளியில் இரத்தம், காரணமற்ற மெலிவு, மாறிய குரல், மூச்சு வாங்குதல் ஆகியவற்றில் ஒன்று இருப்பினும் குடும்ப வைத்தியரை நாடுக. ஐயம் எழுந்தால் அவர் உங்களை 2008 முதல் நடைமுறையிலுள்ள விரைவுத் திட்டத்தில், டேனிய மொழியில் கிரெஃப்ட்பக்கெ எனப்படுவதில், சேர்ப்பார். பிரெடெரிசியா வாசிகளுக்கு அருகிலுள்ள புற்றுநோய் வைத்தியசாலை வைலேயில் உள்ளது.

நோயாளியிடம் மறைத்தல்

பெற்றோரின் மனம் உடைந்துவிடும் என்று அஞ்சி, நோயின் பெயரைக் கூறவேண்டாம் என்று பிள்ளைகள் வைத்தியரிடமும் மொழிபெயர்ப்பாளரிடமும் வேண்டுவது நம்மிடையே வழக்கம். அதன் பின்னுள்ள அன்பை எவரும் குறைகூற இயலாது. ஆனால் டேனிய சுகாதாரச் சட்டத்தின்படி, விளக்கம் பெற்ற நோயாளியின் சம்மதமின்றிச் சிகிச்சை தொடங்கலாகாது. நோயைப் பற்றிய செய்தி நோயாளிக்கே உரியது; அவரது அனுமதியின்றி மகனுக்கோ மகளுக்கோ அதனைத் தெரிவித்தலும் ஆகாது. "எனக்கு எல்லாம் தெரியவேண்டாம்" என்று கூறும் உரிமையும் சட்டத்தில் உண்டு. அவ்வுரிமையும் நோயாளியுடையதே, குடும்பத்தினர் அவருக்காக அதனைப் பயன்படுத்த இயலாது.

இதில் நடைமுறைப் பயனும் உண்டு. தமக்கு என்ன நோய் என அறியாதவர் குளிசையைத் தவறவிடுவார். பக்க விளைவைச் சொல்லமாட்டார். எனவே, நோயாளி எவ்வளவு அறிய விரும்புகின்றார் என்பதை முதற்சந்திப்பிலேயே அவரிடம் கேட்குமாறு வைத்தியரை வேண்டுக. மொழிபெயர்ப்பாளர் தேவையெனில் நேரம் குறிக்கும்போதே கூறி, அதற்கான விதிகளையும் கட்டணத்தையும் கேட்டறிக. பேரப்பிள்ளைகளை மொழிபெயர்க்க வைத்தல் வேண்டாம். அச்சுமை சிறுவர் தாங்கக்கூடியதன்று.

வைத்தியரிடம் கேட்க வேண்டியவை

1. எனது நோய் எவ்வகை? எந்நிலையில் உள்ளது?
2. பரம்பரையலகுப் பரிசோதனை செய்யப்பட்டதா? முடிவு என்ன?
3. சிகிச்சையின் நோக்கம் குணமாக்குவதா, நோயைக் கட்டுப்படுத்துவதா?
4. எந்த அறிகுறி தோன்றினால், எங்கே அழைக்க வேண்டும்?

சிகிச்சைக்குப் பின்னான உடல் மறுவாழ்வுப் பயிற்சியும், புகைபிடித்தலைக் கைவிட உதவும் ஆலோசனையும் கொம்யூனின் பொறுப்பாகும். புற்றுநோய்ச் சங்கத்தின் ஆலோசனைத் தொலைபேசி: 80 30 10 30. புகைபிடித்தலைக் கைவிட: 80 31 31 31.