வாடிய கீரையும் உயிரணுவும்

கீரை வியாபாரம் செய்யும் அன்பர்கள் இதைத் தினமும் கண்டிருப்பீர்கள். உச்சிப் பொழுதில் துவண்டு கிடக்கும் கங்கோங் கட்டுக்குத் தண்ணீர் தெளித்து ஈரச் சாக்கால் மூடினால், சற்று நேரத்தில் நிமிர்ந்துவிடும். ஆட்டிறைச்சியைத் தண்ணீரில் ஊறப் போட்டால் அப்படி நிமிர்வதில்லை. இது ஏன் என்று நம் மகள் பள்ளிப் பாடத்துக்காகக் கேட்டாள். "கீரைக்குத் தாகம்" என்றோம். "இறைச்சிக்குத் தாகம் இல்லையா வாப்பா?" என்றாள். பதில் இல்லை. அவள் புத்தகத்தையே வாங்கிப் படிக்க வேண்டியதாயிற்று.

மரம், மாடு, மனிதன் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத உயிரணுக்களால் ஆனவை. எந்த அணுவையும் மெல்லிய சவ்வு ஒன்று மூடியிருக்கிறது. தாவர அணுவுக்கோ அதற்கும் வெளியே செல்லுலோஸ் என்னும் பொருளாலான சுவர் உண்டு. உள்ளே பெரிய நீர்ப்பை ஒன்றும் உண்டு. முற்றிய அணுவில் பெரும்பகுதி இடத்தை இந்தப் பையே பிடித்துக்கொள்ளும். பை நிறைந்தால் சுவரை நெட்டித் தள்ளும், இலை விறைத்து நிற்கும். சைக்கிள் ட்யூபும் டயரும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிராணிகளின் அணுவில் ட்யூப் மட்டுமே, டயர் இல்லை. நம் இரத்தத்தின் சிவப்பணுவை வெறும் தண்ணீரில் விட்டால் ஊதி வெடித்துவிடும். ஆஸ்பத்திரியில் ஏற்றும் உப்பு நீரில் லிட்டருக்கு 9 கிராம் உப்புக் கலப்பது இதனால்தான். கீரை விஷயத்திலும் எல்லை உண்டு. அளவு மீறிக் காய்ந்து சவ்வே செத்துவிட்டால், எவ்வளவு தெளித்தாலும் நட்டம் நட்டந்தான்.

இன்னொரு வித்தியாசம் பச்சை நிறம். சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைக்கும் பசுங்கணிகம் தாவர அணுவில்தான் இருக்கும். ஆனால் எல்லாத் தாவர அணுவிலும் இராது. மகள் வெங்காயத் தோலின் அணுவை வரைந்தபோது, "தாவரந்தானே, பச்சை தீட்டு" என்று சொல்லி அவளுக்கு ஒரு மதிப்பெண் போகக் காரணமானோம். மண்ணுக்குள் வெயில் படாத வெங்காயத்துக்குப் பசுங்கணிகம் எதற்கு? வெங்காயத்தை மூட்டை மூட்டையாக விற்றும் இது நமக்குத் தோன்றவில்லை!

உணவை எரித்துச் சக்தி தரும் இழைமணி பிராணிகளுக்கே உரியது என்றும் எண்ணியிருந்தோம். அதுவும் தவறு. இரண்டிலும் உண்டு. சரக்கு உள்ளூரில் விளைந்தாலும் அதை விற்றுக் காசாக்க ஆள் வேண்டுமல்லவா?

ஜவுளிக்கடை அன்பர்களுக்கு ஒன்று. பருத்தியின் ஒவ்வொரு இழையும் விதைத் தோலிலிருந்து நீண்டு வளர்ந்த ஒரே அணு. உள்ளிருந்த உயிர்ச் சத்து உலர்ந்த பின், எஞ்சுவது பெரும்பாலும் அந்தச் செல்லுலோஸ் சுவர்தான். காகிதத்திலும் இருப்பது அதுவே. கம்பளி உரோமமோ புரதம் நிறைந்த செத்த அணுக்கள் பல சேர்ந்தது. நூலைக் கொளுத்தி மோந்து பார்க்கிறீர்களே, பருத்தியில் காகிதம் கருகும் வாடையும் கம்பளியில் முடி பொசுங்கும் வாடையும் வருவது இதனால்தான்.