சேர்க்கை நேரத்து அவதூறு: ஆசிரியை என்ன செய்யலாம்?

கேள்வி: கலிஃபோர்னியாவில் அரசுத் தொடக்கப் பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். பக்கத்தில் ஒரு சார்ட்டர் பள்ளி வந்திருக்கிறது. சேர்க்கை தொடங்கியதிலிருந்து வீடு வீடாகத் துண்டறிக்கை போகிறது. 'அந்தப் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் கணக்கில் ஃபெயில்' என்று அச்சடித்திருக்கிறார்கள். அவர்கள் நடத்திய அறிமுகக் கூட்டத்துக்குப் போய் வந்த தமிழ்ப் பெற்றோர் ஒருவர், நான் மாநிலத் தேர்வில் பிள்ளைகளின் விடையைத் திருத்தியதாக அங்கே பேச்சு அடிபட்டது என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். என் பெயரும் இருக்கிறது. தூக்கமே இல்லை. குழுவிலேயே பதில் சொல்லிவிடட்டுமா? வழக்குப் போடலாமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு, இன்றிரவு குழுவில் எதுவும் எழுதாதீர்கள். பொய்யை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது என்று மனம் கொதிக்கும். ஆனாலும் கோபத்தில் எழுதும் நாலு வரி, நாளைக்கு உங்களுக்கு எதிராகவே எடுத்துக் காட்டப்படும்.

உங்கள் கடிதத்தில் இரண்டு பிரச்சினைகள் கலந்து கிடக்கின்றன. துண்டறிக்கை பள்ளியைத் தாக்குகிறது. அதற்குப் பள்ளியே சேர்ந்துதான் பதில் சொல்ல வேண்டும், அவசரமும் இல்லை. விடை திருத்தினார் என்பது உங்கள் பெயர் மீதும் வேலை மீதும் விழுந்த அடி. அதை முதலில் கவனிப்போம்.

அந்த வாட்ஸ்அப் செய்தியை முழுதாக ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். அனுப்பியவர், தேதி, நேரம், அதற்கு மேலும் கீழும் உள்ள செய்திகள் எல்லாம் தெரிய வேண்டும். வெட்டி ஒட்டிய படத்துக்கு மதிப்பில்லை. பிறகு அதைப் போட்ட பெற்றோரை நீங்களே அழைத்துப் பேசுங்கள். சண்டைக்கு வேண்டாம். "கூட்டத்தில் சரியாக என்ன சொன்னார்கள், யார் சொன்னார்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள்?" என்று மட்டும் கேளுங்கள். சார்ட்டர் பள்ளியின் ஊழியர் மேடையில் நின்று சொன்னாரா, காபி குடிக்கும் இடத்தில் இன்னொரு பெற்றோர் முணுமுணுத்தாரா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. முதலாவது ஒரு நிறுவனத்தின் செயல். இரண்டாவது ஊர்வம்பு. ஃபோனை வைத்ததும் கேட்டதைத் தேதியோடு எழுதி வையுங்கள். அந்த உரையாடலை ரகசியமாகப் பதிவு செய்துவிடாதீர்கள். தனிப்பட்ட பேச்சை எதிரில் இருப்பவர் சம்மதமில்லாமல் பதிவு செய்வது கலிஃபோர்னியாவில் குற்றம் (தண்டனைச் சட்டம், பிரிவு 632).

இந்த ஆவணங்களை உங்கள் சொந்த ஃபோனிலும் சொந்த மின்னஞ்சலிலும் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி டிஸ்ட்ரிக்ட் (கல்வி மாவட்டம்) கொடுத்த மின்னஞ்சலில் சக ஆசிரியர்களுக்குப் புலம்பி எழுத வேண்டாம். அது பொது ஆவணச் சட்டத்துக்கு உட்பட்டது. யார் வேண்டுமானாலும் நகல் கேட்கலாம், சார்ட்டர் பள்ளிக்காரர்கள் உட்பட.

அடுத்து யூனியன். பிரின்சிபாலிடம் போவதற்கு முன் உங்கள் பள்ளியின் யூனியன் பிரதிநிதியிடம் சொல்லுங்கள். அவரைக் கலந்துகொண்டு பிரின்சிபாலுக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். தேர்வு முறைகேடு என்ற சொல் காதில் விழுந்தால் டிஸ்ட்ரிக்ட் விசாரித்தே ஆக வேண்டியிருக்கும். அது உங்கள் மேல் சந்தேகம் வந்துவிட்டது என்று அர்த்தமல்ல. ஆனால் "சும்மா ஐந்து நிமிடம் பேசணும்" என்று கூப்பிட்டால், "இது ஒழுங்கு நடவடிக்கையில் முடிய வாய்ப்பிருக்கிறதா?" என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் பிரதிநிதியை உடன் வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1975இல் வைன்கார்ட்டன் வழக்கில் தனியார் ஊழியர்களுக்கு உறுதி செய்த உரிமை அது. கலிஃபோர்னியாவின் அரசுப் பள்ளி ஊழியர்களுக்கு மாநிலச் சட்டத்தின்வழி கிடைக்கிறது. வகுப்பில் பிள்ளைகளிடம் "நான் அப்படிச் செய்தேனா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சாட்சியைக் கலைத்தார் என்று புதிதாக ஒரு பழி வரும்.

உங்கள் விஷயத்தில் உண்மை உங்கள் பக்கம் எவ்வளவு பலமாக நிற்கிறது என்று பாருங்கள். 2015 முதல் மாநிலத்தின் ஆங்கில, கணிதத் தேர்வுகளைப் பிள்ளைகள் கணினியில்தான் எழுதுகிறார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியாக உள்ளே நுழைகிறது. முந்தைய விடையைப் பொறுத்து அடுத்த கேள்வி மாறிக்கொண்டே போகிறது. பென்சிலால் கறுப்பாக்கிய விடைத்தாள் கட்டு ஆசிரியர் மேசைக்கு வந்த காலம் போயிற்று. தேர்வை நடத்துகிறவர்கள் பாதுகாப்பு உறுதிமொழியில் கையெழுத்துப் போடுகிறார்கள்; முறைகேடு நடந்தால் தனியாகப் பதிவாகும். அப்படி எதுவும் பதிவாகவில்லை என்று பள்ளியின் தேர்வு ஒருங்கிணைப்பாளரோ டிஸ்ட்ரிக்ட்டோ ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். நீங்கள் பத்துப் பத்தி எழுதுவதைவிட அந்த ஒரு வரி வலியது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

இனி வழக்கு. "மோசமான டீச்சர்" என்பது அபிப்பிராயம். அதற்கு நீதிமன்றம் போக முடியாது. "விடையைத் திருத்தினார்" என்பது உண்மையா பொய்யா என்று நிரூபிக்கக்கூடிய கூற்று, அது அவதூறாகலாம். ஆசிரியர் என்ற ஒரே காரணத்தால் ஒருவர் பொதுப் பிரமுகராகிவிட மாட்டார் என்று கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் 1979இல் ஓர் ஆசிரியையின் வழக்கில் சொல்லியிருக்கிறது. அதுவும் உங்களுக்குச் சாதகம். ஆனால் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். ஒன்று, அவதூறு வழக்குக்குக் கெடு ஒரே வருடம். இரண்டு, பொதுப் பிரச்சினை பற்றிப் பேசுபவர்களை வழக்கால் மிரட்டுவதைத் தடுக்க இந்த மாநிலத்தில் 1992இலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. பள்ளியின் தரம் பொதுப் பிரச்சினைதான் என்று எதிர்த்தரப்பு அந்தச் சட்டத்தைக் காட்டி, ஆதாரம் போதாமல் உங்கள் வழக்கு ஆரம்பத்திலேயே தள்ளுபடியானால், அவர்களுடைய வக்கீல் செலவும் உங்கள் தலையில் விழும். ஆசிரியர் சம்பளத்தில் அது தாங்காது. பிறர் எழுதும் விமர்சனத்தை இணையத்தில் வெளியிடும் நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டும் பயனில்லை; 1996ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டம் அவர்களைக் காக்கிறது.

ஆகவே என் கருத்து: சொன்னது சார்ட்டர் பள்ளியின் ஊழியர் என்று நேரில் கேட்ட சாட்சி கிடைத்தால், யூனியன் வழியாக ஒரு வக்கீல் கடிதம் அனுப்புங்கள். சொன்ன வார்த்தை, இடம், தேதி, அது பொய் என்பதற்கான ஆதாரம், மறுப்பு வெளியிட வேண்டும் என்ற கோரிக்கை, இவ்வளவு போதும். அதற்கும் அசையவில்லை என்றால்தான் நீதிமன்றத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

துண்டறிக்கைக்கு வருவோம். சேர்க்கை நேரத்தில் இது ஏன் வருகிறது என்று தெரிந்தால் பதில் சொல்வதும் எளிது. 1991இல் மினசோட்டாவிலும் 1992இல் கலிஃபோர்னியாவிலும் சட்டமாகி வந்தவை சார்ட்டர் பள்ளிகள். அரசுப் பணத்தில் நடக்கின்றன, கட்டணம் கிடையாது. நிர்வாகம் மட்டும் தனி. மாநிலம் பிள்ளைகளின் வருகையைக் கணக்கிட்டுப் பணம் தருகிறது. ஒரு பிள்ளை உங்கள் பள்ளியிலிருந்து அங்கே போனால் பணமும் கூடவே போகிறது. புதிதாகத் தொடங்கிய பள்ளி இருக்கைகளை நிரப்பியாக வேண்டும். அந்த நெருக்கடியில் சில இடங்களில் "எங்கள் பள்ளி நல்லது" என்ற விளம்பரம் "அவர்கள் பள்ளி மோசம்" என்று மாறிவிடுகிறது.

'பாதிப் பிள்ளைகள் ஃபெயில்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தேர்வில் ஃபெயில் என்ற நிலையே இல்லை. தரத்தைத் தாண்டியவர், எட்டியவர், நெருங்கியவர், எட்டாதவர் என்று 2024 வரை பெயரிட்டிருந்த நான்கு நிலைகள்தான். கடைசி இரண்டையும் கூட்டி 'ஃபெயில்' என்று அச்சடித்திருப்பார்கள். நெருங்கியவர் நிலையில் இருக்கும் பிள்ளை இன்னும் சில கேள்விகளைச் சரியாகப் போட்டிருந்தால் கோட்டைத் தாண்டியிருக்கும். மொத்தப் பள்ளியின் எண்ணா, ஒரு வகுப்பின் எண்ணா, எந்த வருடத்தின் எண் என்றும் பாருங்கள். ஒரு வகுப்பில் 50 பேர் எழுதினால் ஐந்து பிள்ளைகள் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போனாலே 10 சதவீதம் மாறிவிடும். இவை எல்லாமே மாநிலக் கல்வித்துறையின் இணையதளங்களில், டேஷ்போர்டு என்ற பள்ளித் தரவுத் தளம் உட்பட, யாரும் பார்க்கும்படி இருக்கின்றன. ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைகள் எத்தனை பேர், சிறப்புக் கல்வி பெறுகிறவர்கள் எத்தனை பேர் என்பதும் கிடைக்கும். சார்ட்டர் பள்ளிக்கும் அதே இடத்தில் கணக்கு உண்டு. சில வருடங்களாக நடந்துவரும் சார்ட்டர் என்றால் ஆறாம் வகுப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எட்டாம் வகுப்பில் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று பாருங்கள். இடையில் போன பிள்ளைகளின் இடத்தை நிரப்பாத பள்ளியில் சராசரி தானாகவே உயரலாம்.

எண்களைப் பேசும்போது நேர்மை முக்கியம். ஸ்டான்ஃபோர்டின் கிரெடோ ஆய்வு மையம் 2009இல், சார்ட்டர் பள்ளிகளில் 17 சதவீதம் மட்டுமே கணக்கில் அருகிலுள்ள அரசுப் பள்ளிகளைவிட மேல், 37 சதவீதம் கீழ் என்றது. அதே மையம் 2023இல் சார்ட்டர் மாணவர்கள் சராசரியில் சற்று முன்னே இருப்பதாகவும், ஆன்லைன் சார்ட்டர்கள் மிகவும் பின்தங்கியிருப்பதாகவும் சொன்னது. முதல் ஆய்வை மட்டும் காட்டி இரண்டாவதை மறைத்தால் நீங்களும் அதே துண்டறிக்கை வேலையைத்தான் செய்கிறீர்கள். 2019இல் சான் டியேகோவில் ஒரு ஆன்லைன் சார்ட்டர் வலைப்பின்னலை நடத்தியவர்கள் மீது பெரும் மோசடி வழக்குப் பதிவானது. அதைச் சொல்லி உங்கள் ஊர்ப் பள்ளியைத் திட்டுவதும் நியாயமில்லை. அங்கே வகுப்பெடுப்பவர்களும் ஆசிரியர்கள்தான். சார்ட்டர் யோசனையை 1988இல் நாடெங்கும் பேசவைத்த ஆல்பர்ட் ஷாங்கரே ஓர் ஆசிரியர் யூனியனின் தலைவர்.

துண்டறிக்கையில் ஏதாவது ஒன்று உண்மையாகவும் இருக்கலாம். கணக்கு ஆசிரியர் இல்லாமல் ஒரு பருவம் முழுக்கத் தற்காலிக ஆசிரியரை வைத்து ஓட்டியிருக்கலாம். அதைப் பள்ளியே முதலில் ஒப்புக்கொண்டு, இப்போது யார் எடுக்கிறார், பின்தங்கிய பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடு என்று சொல்லிவிட வேண்டும். குறையை மறைக்காத பள்ளியைப் பெற்றோர் நம்புவார்கள்.

பொய்க்குப் புகார் செய்ய வழி இருக்கிறது. 2020 ஜனவரி முதல் கலிஃபோர்னியாவின் சார்ட்டர் பள்ளி நிர்வாகக் குழுக்களும் திறந்த கூட்டச் சட்டத்துக்கும் பொது ஆவணச் சட்டத்துக்கும் கட்டுப்பட்டவை. அவர்களுடைய வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்பே வெளியிட வேண்டும். பொதுமக்கள் யாரும் போய்ப் பேசலாம். துண்டறிக்கை அச்சடித்த நிறுவனத்துடன் போட்ட ஒப்பந்தம், கொடுத்த பணம், விளம்பர வாசகங்கள் ஆகியவற்றின் நகலை எழுதிக் கேளுங்கள். தருவார்களா மாட்டார்களா என்று பொதுவாக 10 நாளில் தெரிவிக்க வேண்டும். அடுத்த படி, அந்தப் பள்ளிக்கு அனுமதி கொடுத்த அமைப்பு. பெரும்பாலும் அது உங்கள் டிஸ்ட்ரிக்ட் போர்டாகவே இருக்கும். சார்ட்டர் என்பது காலவரையறை உள்ள அனுமதி. புதுப்பிக்கும் வேளையில் உங்கள் புகார் கோப்பில் இருக்க வேண்டும்.

இதைப் பேசும்போது நீங்கள் எந்த உரிமையில் பேசுகிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். பள்ளி நிதி பற்றிப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியதற்காக வேலை இழந்த இல்லினாய் ஆசிரியர் பிக்கரிங்குக்கு ஆதரவாக உச்ச நீதிமன்றம் 1968இல் தீர்ப்பளித்தது. குடிமகனாகப் பேச ஆசிரியருக்கு உரிமை உண்டு. ஆனால் பணியின் பகுதியாகச் சொல்வதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்று 2006இல் கார்செட்டி வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது. எனவே பள்ளி நேரம் முடிந்து, சொந்தக் கணினியில், சொந்தப் பெயரில் பேசுங்கள். தேர்தல் பிரசாரத்துக்குப் பள்ளியின் நகலெடுக்கும் இயந்திரத்தைத் தொடவே கூடாது. எந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணையோ குறைபாட்டையோ சொல்லி உங்களைக் காத்துக்கொள்ளவும் கூடாது. 1974ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டம் அதைத் தடுக்கிறது. தன் பிள்ளையைப் பற்றி ஒரு தாயே குழுவில் பாதி உண்மை எழுதினாலும், மீதிப் பாதியை நீங்கள் எழுத முடியாது. கொடுமைதான். ஆனால் அந்தப் பிள்ளை நாளைக்கும் உங்கள் வகுப்பில் உட்காரும்.

கடைசியாக நம் பெற்றோர். வீடு வாங்கும்போதே பள்ளிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று இணையத்தில் பார்ப்பவர்கள் நம்மவர்கள். அரசுப் பள்ளி என்றாலே மட்டம் என்ற எண்ணத்தை ஊரிலிருந்தே கொண்டுவந்தவர்களும் அவர்களில் உண்டு. வாட்ஸ்அப்பில் வாதாடி இவர்களை வெல்ல முடியாது. பிரின்சிபாலிடம் சொல்லி ஒரு மாலை நேரத்தில் வகுப்பறையைத் திறந்து வையுங்கள். பின்னங்களைப் பிள்ளைகள் எப்படிப் போடுகிறார்கள் என்று பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். டேஷ்போர்டை எப்படிப் படிப்பது என்று தமிழிலேயே சொல்லிக் கொடுங்கள். போன வருடம் உங்களிடம் படித்த பிள்ளைகளின் தாய் தகப்பனில் இரண்டு பேர் குழுவில் தாங்களாக எழுத முன்வந்தால் தடுக்காதீர்கள். அந்தச் செய்தியைப் போட்ட பெற்றோரையும் அன்று மாலைக்கு அழையுங்கள். அவர் உங்கள் எதிரி இல்லை. பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று பயந்துபோன ஒருவர்.

வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் கெடுவையும் விதிகளையும் தங்கள் யூனியனில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே சொன்னது கலிஃபோர்னியாவுக்கு. சகோதரி, நாளைக் காலை பள்ளிக்குப் போனதும் முதல் வேலையாக அந்த ஸ்க்ரீன்ஷாட்டை யூனியன் பிரதிநிதியிடம் காட்டுங்கள்.