மார்க்கா பள்ளத்தாக்கில் போனுக்குச் சார்ஜ்: சோலார் பேனலைக் கையாளும் முறை

லடாக்கின் மார்க்கா பள்ளத்தாக்கில் நடப்பவர்கள் லே நகரை விட்டால் ஐந்தாறு நாளைக்கு பிளக் பாயின்ட்டை நம்ப முடியாது. வழியில் தங்கும் பல வீடுகளில் இரவு விளக்குக்கே கூரைமேல் இருக்கும் சிறிய சோலார் தகடுதான் ஆதாரம். அதில் நம் போனையும் கேமராவையும் மாட்டினால் அந்தக் குடும்பத்தின் வெளிச்சம்தான் குறையும். நமக்கு வேண்டிய மின்சாரத்துக்கு நாமே வழி செய்துகொண்டு போவதுதான் சரி.

முதல் வேலை கணக்குப் போடுவது. 5,000 எம்ஏஎச் போன் பேட்டரி நிரம்ப ஏறக்குறைய 19 வாட்-மணி வேண்டும். கேமரா பேட்டரிக்கு அதன் அளவைப் பொறுத்து 7 முதல் 16 வாட்-மணி. போனை ஃப்ளைட் மோடில் வைத்துப் படம் எடுக்கவும் வரைபடம் பார்க்கவும் மட்டும் பயன்படுத்தினால் நாளுக்குப் பாதி பேட்டரிகூடச் செலவாகாது. டவர் இல்லாத இடத்தில் சிக்னலைத் தேடித் தேடியே போன் காலியாகிவிடும் என்பதால் இந்த ஒரு பழக்கம் பெரிய பேனல் வாங்குவதைவிட லாபம். கேமரா, ஹெட்லேம்ப், வாட்ச் எல்லாம் சேர்த்தாலும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 வாட்-மணி போதும்.

இரண்டு மூன்று நாள் பயணம் என்றால் பேனலே வேண்டாம். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று போதும். மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காடுகளுக்குள் போகிறவர்களுக்கும் இதுதான் பொருந்தும். மரக்கூரைக்கு அடியில் பேனல் வெறும் சுமை. நான்கு நாளைத் தாண்டும்போது, திறந்த வெளியில் நடக்கும்போதுதான் பேனலுக்கு வேலை வருகிறது.

கடையில் பவர் பேங்கின் முதுகிலேயே சோலார் தகடு ஒட்டி விற்பார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். உள்ளங்கை அளவுத் தகட்டிலிருந்து ஒன்று ஒன்றரை வாட்டுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-மணி. அதை நிரப்ப ஐம்பது அறுபது மணி நேர நல்ல வெயில் வேண்டும். அத்தனை நேரமும் பேட்டரி வெயிலில் வேகும். தனியாக மடித்து வைக்கக்கூடிய 20 முதல் 28 வாட் பேனலையும் சாதாரண பவர் பேங்க் ஒன்றையும் வாங்குங்கள்.

பேனலில் அச்சிட்ட வாட், சோதனைக் கூடத்தில் 25 டிகிரி வெப்பத்தில் அளந்தது. 28 வாட் பேனல் நண்பகலில் 15 முதல் 18 வாட் கொடுத்தால் நல்ல பேனல். யூஎஸ்பி துளையின் அருகே எழுதியிருப்பதையும் படியுங்கள். 5 வோல்ட், 2.4 ஆம்பியர் என்றிருந்தால் அந்தத் துளையில் 12 வாட்டுக்கு மேல் வராது. பவர் பேங்க் எவ்வளவு வாங்கும் என்பதும் அதன் அடியில் இருக்கும். அது 10 வாட்தான் வாங்கும் என்றால் மிச்ச வெயில் வீண்.

கிளம்புவதற்கு முன் மொட்டை மாடியில் ஒரு பகல் முழுக்கச் சோதித்துவிடுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யூஎஸ்பி மீட்டரைக் கேபிளுக்கு நடுவே மாட்டினால் வாட் கணக்கு கண்ணெதிரே தெரியும். சென்னை வெயிலில் எண் குறைவாக வந்தால் கவலை வேண்டாம். பேனல் சூடாகச் சூடாக, டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் திறன் இறங்கும். லடாக்கின் குளிர்காற்றிலும் மெல்லிய வளியிலும் அதே பேனல் கூடுதலாகவே கொடுக்கும். விமானத்தில் பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும். வரம்பு 100 வாட்-மணி, அதாவது சுமார் 27,000 எம்ஏஎச். பேனலைப் பெரிய பெட்டியிலேயே போட்டுவிடலாம்.

முகாமில் ஒரே விதி: பகலில் பேனலிலிருந்து பவர் பேங்குக்கு, இரவில் பவர் பேங்கிலிருந்து போனுக்கு. பேனலில் நேரடியாகப் போனை மாட்டினால் ஒவ்வொரு மேகத்துக்கும் சார்ஜ் அறுந்து அறுந்து ஏறும். ஒவ்வொரு முறையும் திரை விழித்துக்கொள்ளும். வெயிலில் கிடந்து சூடேறிய போன் தானாகவே சார்ஜை நிறுத்தியும்விடும். பவர் பேங்கைப் பேனலுக்குப் பின்னால், காற்றோட்டமுள்ள நிழலில் வையுங்கள்.

பேனல் சூரியனை நேருக்கு நேர் பார்க்க வேண்டும். ஒரு பென்சிலைப் பேனலின் மேல் செங்குத்தாக நிறுத்துங்கள். நிழல் ஒரு பக்கமாக நீண்டால், அது சுருங்கிப் பென்சிலின் அடியிலேயே மறையும்வரை பேனலைச் சாய்த்துத் திருப்புங்கள். பிறகு ஒரு கல்லை முட்டுக் கொடுத்து, மூலைகளைக் கயிற்றால் கட்டிவிடுங்கள். பிற்பகல் காற்று பலமானது. மணிக்கொரு முறை திருப்பினால் போதும். நிழல் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். செல்கள் வரிசையாக இணைந்திருப்பதால், கூடாரக் கயிறோ பை வாரோ ஒரு ஓரத்தை மறைத்தாலும் மொத்தப் பேனலின் மின்சாரமும் படுத்துவிடும்.

நடக்கும்போது முதுகுப்பையில் மாட்டிக்கொள்ளலாமா என்று பலர் கேட்பார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் ஸ்கியூவிலிருந்து ஹங்கர் வரை பாதை பெரும்பாலும் தென்கிழக்காக ஏறுகிறது. காலை வெயில் முகத்தில் அடிக்கும், முதுகில் இருக்கும் பேனலுக்கு நம் நிழல்தான் மிச்சம். மதிய உணவுக்கு உட்காரும் ஒரு மணி நேரமும், முகாம் சேர்ந்தபின் இரண்டு மணி நேரமும் ஒழுங்காக விரித்தால் அன்றைய தேவை கிடைத்துவிடும். பள்ளத்தாக்கு குறுகிய இடங்களில் சூரியன் சீக்கிரமே மலைக்குப் பின்னால் போய்விடும். ஆகவே முகாமில் கூடாரத்துக்கு முன்பே பேனலை விரியுங்கள்.

நிமலிங் முகாம் 4,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. கோடையிலும் இரவில் உறைபனி விழக்கூடும். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்தால் அதன் உள்ளே உலோகம் படிந்து, நிரந்தரமாகக் கெட்டுப்போகும். பவர் பேங்க், போன், கேமரா பேட்டரி எல்லாவற்றையும் ஒரு காலுறைக்குள் போட்டு ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துத் தூங்குங்கள். மறுநாள் கோங்மாரு கணவாயைக் கடக்க விடியும் முன்பே கிளம்ப நேரலாம். அதனால் அன்று மாலை ஹெட்லேம்ப்பை முதலில் நிரப்புங்கள், அடுத்து போனை; கேமராவுக்கு மிச்சமிருப்பதைக் கொடுத்தால் போதும்.