கடைக்குப் போகும்போது அளவு டேப்பும் கையில் இருக்கட்டும்
எஸ்யூவி பேட்டரி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

என் சித்தப்பாவின் டீசல் எஸ்யூவியில் பானெட்டைத் தூக்கினால், அதன் உட்புறத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு கருகல் தெரியும். புது பேட்டரி மாட்டிய நான்காம் நாள், தேனிப் பக்கம் ஒரு மண்பாதையில் விழுந்த தழும்பு அது. "பழசைவிடப் பவர் ஜாஸ்தி சார்" என்று சொல்லிக் கடையில் கொடுத்த பேட்டரி, இருக்க வேண்டியதைவிட இரண்டு விரற்கடை உயரம். தட்டில் ஒழுங்காக உட்காராததால் நைலான் கயிற்றால் கட்டியிருந்தார்கள். பள்ளத்தில் வண்டி குதித்தபோது பாசிட்டிவ் முனை பானெட் இரும்பைத் தொட்டுவிட்டது. தீப்பிடிக்காமல் போனது நாங்கள் செய்த புண்ணியம்.

அன்றிலிருந்து, பேட்டரி மாற்றப் போகிறேன் என்று யார் சொன்னாலும் "முதல்ல தட்டை அளந்தீங்களா?" என்றுதான் கேட்கிறேன். ஆம்பியர் கணக்கெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும்.

"ஆம்பியர் கூடக்கூட வண்டிக்கு நல்லது"

இதற்கு நேர் எதிரான நம்பிக்கையும் உண்டு: "ஆம்பியர் கூடினா ஆல்டர்னேட்டர் எரிஞ்சிடும்." ஒரே தெருவில் அடுத்தடுத்த கடைகளில் இரண்டையும் கேட்டிருக்கிறேன்.

பேட்டரியில் 60 ஆம்பியர்-அவர் என்று எழுதியிருந்தால், 3 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் தரக்கூடிய கொள்ளளவு அதற்கு உண்டு என்று பொருள். குடத்தில் எவ்வளவு நீர் பிடிக்கும் என்கிற கணக்கு அது. குடம் பெரிதானதால் குழாய் கெட்டுவிடாது. ஆல்டர்னேட்டர் ஏறத்தாழ 14 வோல்ட்டில் மின்சாரத்தைத் தருகிறது. தனக்கு வேண்டியதைத்தான் பேட்டரி இழுத்துக்கொள்ளும். 60க்குப் பதில் 65 போட்டால் எதுவும் எரியாது. ஆனால் அடியோடு இறங்கிப்போன பெரிய பேட்டரியை மாட்டி, ஆல்டர்னேட்டரே ஏற்றிக்கொள்ளட்டும் என்று விட்டால், அது நெடுநேரம் முழுப் பாரத்தில் ஓடிச் சூடாகும். இறங்கிய பேட்டரியைச் சார்ஜரில் ஏற்றிவிட்டு மாட்டுவதே முறை.

கூடுதல் ஆம்பியரால் நன்மை உண்டா? கேமரா, ஜிபிஎஸ் கருவி என்று பின்னாளில் நிறையச் சேர்த்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் உண்டு. அதற்காக, தட்டில் உட்காராத பெட்டியை உட்கார வைக்க முயல்வது ஆபத்து. எஸ்யூவியை நாம் வாங்குவதே மேடு பள்ளத்துக்கு அஞ்சாமல் போகத்தான். அந்த அதிர்ச்சியில் இறுக்கம் இல்லாத பேட்டரியின் உள்தகடுகள் உதிரும், இணைப்புகள் விரியும். மூன்று ஆண்டு உழைக்க வேண்டியது ஒன்றரை ஆண்டில் உயிரை விடும்.

"டின் 60 கேளுங்க, எங்க வாங்கினாலும் ஒண்ணுதான்"

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் இரண்டு வகைப் பெட்டிகள் உண்டு. ஒன்று ஜெர்மன் அளவுமுறையில் வந்த டின் வகை. மற்றது ஜப்பானிய ஜிஸ் வகை. டின் பெட்டியின் அகலம் 175 மில்லிமீட்டர். நீளம் 207, 242, 278, 315 என்று படிப்படியாக ஏறும். உயரம் 175 அல்லது 190. முனைகள் மேல்மட்டத்துக்குக் கீழே குழிந்து உட்கார்ந்திருக்கும். அடிப்பாகத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பைக் கவ்வித்தான் வண்டியின் கிளாம்ப் பிடிக்கிறது.

ஜிஸ் பெட்டியில் முனைகள் தலைக்குமேல் துருத்திக்கொண்டு நிற்கும். பிடிமானம், மேலே குறுக்காகப் போடும் பட்டையில். முனையோடு சேர்த்து உயரம் சுமார் 225 மில்லிமீட்டர். 190 உயர டின் பேட்டரி இருந்த இடத்தில் இதை வைத்தால் 35 மில்லிமீட்டர் கூடிவிடும். சித்தப்பாவின் பானெட்டில் இருக்கும் கருகலுக்குக் காரணம் இந்த 35 மில்லிமீட்டர்தான்.

டின்னுக்குள்ளேயும் கவனம் வேண்டும். 60 ஆம்பியர்-அவர் பேட்டரியே 175 உயரத்திலும் உண்டு, 190 உயரத்திலும் உண்டு. வெறும் "டின் 60" என்று கேட்டால் எது கையில் வரும் என்பது கடையில் அன்று எது இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஜிஸ் பேட்டரியின் நெற்றியில் "55 பி 24 எல்" என்பதுபோல் ஒரு எழுத்துக்கோவை இருக்கும். 55 என்பது செயல்திறன் தரவரிசை. பலர் அதை ஆம்பியர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பி என்பது அகல உயர வகை: பி என்றால் அகலம் சுமார் 129 மில்லிமீட்டர், டி என்றால் 173. 24 என்பது சென்டிமீட்டரில் நீளம். கடைசி எழுத்து, முனை எந்தப் பக்கம் என்பதைச் சொல்கிறது. முனைகள் நம் பக்கம் இருக்கும்படி வைத்தால், எல் பேட்டரியில் நெகட்டிவ் இடப்பக்கம். ஆர் என்றால் வலப்பக்கம். இந்த ஓர் எழுத்து மாறினால் கேபிள் எட்டாது. எட்ட வைக்கிறேன் என்று இழுத்துத் திருப்பி மாட்டும்போது ப்ளஸ்ஸும் மைனஸும் மாறிவிட்டால், ஆல்டர்னேட்டரின் டயோடுகள் முதல் கம்ப்யூட்டர் பெட்டி வரை ஒரே நொடியில் போய்விடும்.

முனையின் பருமனையும் பாருங்கள். பருத்த முனைகளில் பாசிட்டிவ் 19.5 மில்லிமீட்டர், நெகட்டிவ் 17.9. சில ஜப்பானிய வகைகளில் மெலிந்த முனை இருக்கும். அங்கே பாசிட்டிவ் 14.7, நெகட்டிவ் 13. பருத்த முனைக்கான கிளாம்ப் மெலிந்த முனையில் ஒருநாளும் இறுகாது. தகரத்துண்டைச் சொருகி இறுக்கித் தருவார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். பிடி தளர்ந்த இடத்தில் சூடேறும். அங்கே சேரும் வெள்ளைப் பூப்பு, பேட்டரி நன்றாக இருக்கும்போதே செல்ஃப் எடுக்காமல் செய்துவிடும்.

ஆகவே பழைய பேட்டரியைக் கழற்றும் முன் மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள். நீளம், அகலம், முனையோடு சேர்த்த உயரம் மூன்றையும் டேப்பில் அளந்து எழுதுங்கள். பழைய வண்டி வாங்கியவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: இப்போது உள்ளே இருக்கும் பேட்டரியே தவறானதாக இருக்கலாம். வண்டியோடு வந்த கையேட்டில் என்ன வகை என்று பார்த்துவிடுங்கள்.

"சிசிஏ எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்ல பேட்டரி"

மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் குளிரில், 30 நொடிக்கு, 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் எத்தனை ஆம்பியர் தரும் என்பதே சிசிஏ. ஊட்டியில் உறைபனி விழுகிற நாளில்கூட இந்தக் குளிருக்குப் பக்கத்தில் நாம் போவதில்லை. ஆனாலும் இந்த எண்ணை ஒதுக்கிவிட முடியாது. டீசல் எஞ்சின் காற்றைப் பெட்ரோல் எஞ்சினைவிட வெகுவாக அழுத்துவது. அதை முதல்முறை சுழற்ற ஸ்டார்ட்டருக்குச் சில நூறு ஆம்பியர் வேண்டும். அந்த நொடியில் பேட்டரியால் அள்ளிக் கொடுக்க முடியுமா என்பதைச் சிசிஏ காட்டுகிறது. வண்டி நிறுவனம் கேட்ட அளவுக்குக் குறையாமல் இருந்தால் போதும். அதற்குமேல் ஒவ்வொரு நூறுக்கும் கூடுதல் பணம் கொடுப்பதில் நமக்குப் பெரிய லாபம் இல்லை.

"குளிர்தான் பேட்டரிக்கு எமன்"

மார்கழி விடியலில்தான் பல பேட்டரிகள் கைவிடுகின்றன என்பதால் வந்த நம்பிக்கை இது. உண்மையில் சித்திரை, வைகாசியிலேயே அதற்கு நோய் பிடித்துவிடுகிறது. வெயிலும் எஞ்சின் சூடும் சேர்ந்து உள்ளிருக்கும் நீரை ஆவியாக்கும், பாசிட்டிவ் தகட்டின் சட்டத்தை அரிக்கும். வெப்பம் ஏறத்தாழ 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. வேலூரிலும் மதுரையிலும் பேட்டரி மூன்று நான்கு ஆண்டில் மாற்ற வேண்டியதாவதற்கு இதுவே முதல் காரணம்.

சில எஸ்யூவிகளில் பேட்டரியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு துணி உறையோ பிளாஸ்டிக் மறைப்போ இருக்கும். எஞ்சின் சூட்டைத் தடுக்கவே அது. புது பேட்டரி மாட்டும்போது "இது எதுக்கு சார்" என்று மூலையில் எறிந்துவிடுகிறார்கள். கேட்டு வாங்கி மறுபடி போடச் சொல்லுங்கள்.

"ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டிக்கும் சாதா பேட்டரி போதும்"

சிக்னலில் நின்றால் தானே அணைந்து, கிளட்ச்சை மிதித்தால் தானே எழும் வண்டிகளுக்கு இஎஃப்பி அல்லது ஏஜிஎம் பேட்டரி கொடுத்திருப்பார்கள். ஒரு நாளில் பலமுறை ஸ்டார்ட் ஆவதையும், பாதி சார்ஜிலேயே கிடப்பதையும் தாங்கும்படி செய்தவை அவை. விலை கூடுதல்தான். ஆனால் பாதி விலைக்குச் சாதாரணப் பேட்டரி போட்டவர்கள் சில மாதத்திலேயே திரும்பக் கடைக்கு வருவதைப் பார்க்கிறோம். இஎஃப்பி இருந்த இடத்தில் ஏஜிஎம் போடலாம், கீழே இறங்கக் கூடாது. பிஎம்டபிள்யூ எக்ஸ்5 போலப் பேட்டரியைப் பின்பக்கம் வைத்த வண்டிகளில், வாயு வெளியேறும் குழாயை மறக்காமல் மாட்ட வேண்டும். புது பேட்டரி போட்டதை வண்டியின் கம்ப்யூட்டரிலும் பதிய வேண்டும்.

"கண்ணு பச்சையா இருக்கு, பேட்டரி நல்லாத்தான் இருக்கு"

பேட்டரிக்குள் ஆறு அறைகள். அந்தப் பச்சைக் கண் பார்ப்பது ஒரே ஓர் அறையை. மற்ற ஐந்தில் ஒன்று செத்திருந்தாலும் அது பச்சையாகவே சிரிக்கும். ஓர் இரவு ஓய்வுக்குப்பின் மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. சாவியைத் திருப்பும்போது எவ்வளவு விழுகிறது என்பதுதான் உண்மையான சோதனை. அதைக் கடையில் லோடு டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். புது பேட்டரியையும் வாங்கும் முன் அளந்து, தயாரித்த மாதத்தைப் பாருங்கள். அலமாரியில் ஓராண்டு கிடந்தது புது பேட்டரி ஆகாது.

"ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்று, வண்டி நிக்கலைன்னா ஆல்டர்னேட்டர் ஓகே"

கார்புரேட்டர் காலத்து வழக்கம். இன்றைய வண்டியில் தயவுசெய்து யாரையும் இதைச் செய்ய விடாதீர்கள். ஏறுகிற மின்சாரத்தைத் தாங்கிக்கொள்ளும் பேட்டரி திடீரென விலகினால் வோல்ட்டேஜ் துள்ளும். அந்தத் துள்ளலில் போகும் கம்ப்யூட்டர் பெட்டியின் விலையில் நல்ல பேட்டரிகள் பல வாங்கலாம். எஞ்சின் ஓடும்போது முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வருகிறதா என்று மீட்டரில் பார்த்தால் போதும்.

"சிமெண்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும்" என்பது பழைய ரப்பர் பெட்டிக் காலத்து வார்த்தை. இன்றைய பாலிப்ரோப்பிலீன் பெட்டிக்குப் பொருந்தாது. "மின்சார எஸ்யூவியில் இந்தத் தொல்லை இல்லை" என்பதும் தவறு: நெக்ஸான் இவி போன்றவற்றிலும் 12 வோல்ட் துணை பேட்டரி உண்டு, அது இறங்கினால் வண்டி விழிக்காது.

பழைய பேட்டரியை எக்ஸ்சேஞ்சில் கொடுங்கள், கழித்த தொகையைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழையதைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. பழைய இரும்போடு சேர்த்துப் போட்டால், ஆசிட் சாக்கடைக்குப் போகும், ஈயம் வெட்டவெளி அடுப்பில் உருகும். அந்தப் புகை பக்கத்து வீட்டுக் குழந்தைகளின் இரத்தத்தில் போய்ச் சேரும்.

பேட்டரி மாற்றும்போது நெகட்டிவ்வை முதலில் கழற்றி, கடைசியில் பூட்ட வேண்டும். கிளாம்ப் இறுகியபின் இரண்டு கையாலும் ஆட்டிப் பாருங்கள். வண்டி அசையலாம், பேட்டரி தனியாக அசையக் கூடாது. பிறகு பாசிட்டிவ் முனையின் சிவப்பு மூடியை மாட்டி, அதன்மேல் பிளாஸ்டிக் தாளில் சுற்றிய சப்பாத்தி மாவு உருண்டை ஒன்றை வைத்து, பானெட்டை மெல்ல மூடித் திறங்கள். மாவு எத்தனை தடிமனில் மிஞ்சுகிறதோ அவ்வளவுதான் பானெட்டுக்கும் முனைக்கும் இடைவெளி. சித்தப்பாவுக்கு இரண்டாவதாக வாங்கிய பேட்டரியில் அது இரண்டு விரல் மொத்தத்துக்கு இருந்தது.