உடலின் அகச்சமநிலையும் உபவாசமும்

உயிருள்ளவற்றிற்கும் உயிரற்றவற்றிற்கும் உள்ள வேறுபாடுகளுள் ஒன்றை முதற்கண் நோக்குவோம். வெயிலில் கிடக்கும் கல் வெயிலோடு சுடுகிறது. இரவில் குளிர்ந்து விடுகிறது. அதனருகே நிற்கும் மனிதனின் உடலோ, புறவெப்பம் 20 பாகை செல்சியசாயினும் 40 பாகையாயினும், அகத்தே ஏறத்தாழ 37 பாகையிலேயே நிற்கிறது. வெப்பம் மட்டுமின்றி இரத்தத்தில் உள்ள சர்க்கரை, உப்பு, நீர் ஆகியனவும் குறுகியதோர் எல்லைக்குள் காக்கப்படுகின்றன. புறச்சூழல் மாறினும் அகச்சூழல் மாறாவண்ணம் காத்துக்கொள்ளும் இவ்வியல்பே அகச்சமநிலை எனப்படும்.

அகச்சூழலின் நிலைபேறே உயிர்வாழ்வின் அடிப்படை என்பதைப் பிரெஞ்சு நாட்டு உடலியல் அறிஞர் கிளாட் பெர்னார் (1813–1878) எடுத்துரைத்தார். அமெரிக்க அறிஞர் வால்ட்டர் கேனன் 1926இல் இதற்கு 'ஹோமியோஸ்டாசிஸ்' என்று பெயரிட்டார்.

உபவாசம் நம் அறநெறியின் ஓர் அங்கம். உணவு வாராத நாளில் உடல் தன் சமநிலையை எங்ஙனம் காக்கிறது, அக்காவல் குலைந்தவர்க்கு என்ன நேரும் என்பவற்றை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் வேண்டும்.

சமநிலை காக்கப்படும் முறை

ஏரியில் நீர் மிகுந்தால் கலிங்கு வழியே வழிகிறது. குறைந்தால் மதகை அடைத்து வைக்கிறோம். உடலும் இவ்வாறே மிகுதியைக் கண்டு குறைக்கிறது. குறைவைக் கண்டு நிரப்புகிறது. மாற்றத்தை உணரும் உறுப்பு, ஆணை பிறப்பிக்கும் உறுப்பு, ஆணையை நிறைவேற்றும் உறுப்பு என மூன்றும் ஒத்துழைத்தாலன்றி இது நிகழாது.

இரத்தச் சர்க்கரை

நலமுடையோர்க்கு, வெறும் வயிற்றில், 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 70 முதல் 100 மில்லிகிராம் வரை சர்க்கரை இருக்கும். உடலில் உள்ள ஐந்து லிட்டர் இரத்தம் முழுவதையும் கணக்கிடினும் அச்சர்க்கரை ஒரு தேக்கரண்டி அளவே ஆகும். மூளையோ நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 கிராம் சர்க்கரையைச் செலவிடுகிறது. எனவே இரத்தத்திற்குச் சர்க்கரை இடையறாது வந்துகொண்டே இருத்தல் வேண்டும்.

உண்டபின் சர்க்கரை உயருங்கால் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. தசைகளும் கொழுப்புத் திசுக்களும் சர்க்கரையை ஏற்கின்றன. கல்லீரல் மிகுதியைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கிறது. கல்லீரலை நம் வீட்டு நெற்குதிருக்கு ஒப்பிடலாம். அதன் கொள்ளளவு ஏறத்தாழ 100 கிராம். உணவில்லாதபோது இன்சுலின் குறைகிறது; குளூக்ககான் என்னும் மற்றொரு சுரப்பு மிகுந்து, குதிரைத் திறந்துவிடுகிறது.

சூரியன் மறையுமுன் உண்டு, மறுநாள் முழுதும் உபவாசமிருந்து, அதற்கடுத்த நாள் காலையில் பாரணை செய்பவர் ஏறத்தாழ 36 மணி நேரம் உணவின்றி இருக்கிறார். முதல் ஒரு நாள் அளவில் கல்லீரலின் சேமிப்பு பெரும்பகுதி தீர்ந்துவிடும். அதன்பின் கல்லீரல் புரதம் முதலியவற்றினின்று புதிதாகச் சர்க்கரை ஆக்குகிறது. உடற்கொழுப்பும் கரைந்து எரிபொருளாகிறது. இவ்வரிசை தவறாது நடப்பதனாலேயே நலமுடையோர் தீங்கின்றி உபவாசம் இருக்க இயலுகிறது.

நீரின் அளவு

சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேற்றுகின்றன. நீர் குறைந்தால் மூளை தாகத்தை எழுப்புகிறது. நீரைத் தேக்கி வைக்குமாறு ஒரு சுரப்பின் வாயிலாகச் சிறுநீரகத்திற்கு ஆணையிடுகிறது. முதுமையில் தாக உணர்வு மழுங்கிவிடும். ஆதலின் முதியோர் "தாகமில்லை" எனினும் உடலில் நீர் போதுமானதாக உள்ளது எனக் கொள்ளலாகாது.

சமநிலை குலையுங்கால்

நீரிழிவு இச்சமநிலை குலைவின் தெளிவான எடுத்துக்காட்டு. இன்சுலின் சுரக்கும் செல்கள் அழிந்துபோவது முதல் வகை. இன்சுலினுக்கு உடல் செவ்வனே இணங்காமையும், காலப்போக்கில் சுரப்பு குறைதலும் இரண்டாம் வகை. சர்க்கரை 180 மில்லிகிராமைக் கடந்தால் பொதுவாகச் சிறுநீரில் வழியத் தொடங்குகிறது. வழியும்போது நீரையும் உடன் இழுத்துச் செல்கிறது. அடிக்கடி சிறுநீர் கழிதலும் தணியாத தாகமும் இதனால் விளைவன. ஒரு சமநிலை குலைந்தால் மற்றொன்றும் குலையும் என்பது இதனால் விளங்கும்.

2023இல் வெளியான ஆய்வொன்று இந்தியாவில் 10.1 கோடிப் பேர் நீரிழிவு உடையோர் என மதிப்பிட்டது. நம் இல்லங்களும் இதற்கு விலக்கல்ல.

உபவாச நாளில் நேரும் இடர்

நலமுடையோர்க்கு உணவில்லாதபோது இன்சுலின் தானே குறைகிறது. ஊசி வழியே செலுத்திய இன்சுலினோ, உணவு வந்ததா இல்லையா என அறியாது. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளும் உணவில்லா வேளையிலும் கணையத்தைத் தூண்டுவன. மாத்திரையை வழக்கம்போல் விழுங்கிவிட்டு உணவை மட்டும் நீக்கினால் சர்க்கரை அளவிறந்து தாழலாம். முதல் வகையினர் இதற்கு அஞ்சி இன்சுலினை அறவே நிறுத்தினால், இரத்தம் அமிலமாகி உயிருக்கே இடர் நேரும்.

வியர்த்தல், கை நடுக்கம், படபடப்பு, கடும்பசி, பேச்சுக் குழறல், மனக்குழப்பம் ஆகியன சர்க்கரை தாழ்ந்ததன் அறிகுறிகள். இவற்றை உபவாசச் சோர்வு என்றெண்ணிப் படுக்க வைத்தல் பெரும்பிழை. 70 மில்லிகிராமுக்குக் குறைந்தால், இரவாயினும் தயங்காது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடங்கட்குப் பின் மீண்டும் சோதித்தல் வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108 ஊர்தியை உடனே அழைத்தல் வேண்டும்.

இன்சுலின் விலங்குகளினின்று எடுக்கப்படுவதாயிற்றே எனத் தயங்குவோரும் உளர். முற்காலத்தில் அது பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்தினின்று எடுக்கப்பட்டது உண்மையே. 1982இல் நுண்ணுயிர்களின் வாயிலாக ஆக்கப்பட்ட மனித இன்சுலின் ஒப்புதல் பெற்றது. இன்று வழங்குவன பெரும்பாலும் அம்முறையில் ஆனவையே.

ஆற்றலுக்கேற்ற தவம்

தீர்த்தங்கர நாமகர்மத்திற்குக் காரணமான பதினாறு பாவனைகளுள் ஆற்றலுக்கேற்றவாறு தவம் செய்தலும் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது. புறத்தவம் ஆறனுள் உண்ணாநோன்பு ஒன்றே. குறைத்துண்ணலும் சுவை துறத்தலும் தவமே. பால், தயிர், நெய், எண்ணெய், சர்க்கரை, உப்பு ஆகியவற்றுள் ஒன்றையோ சிலவற்றையோ துறப்பது சுவை துறத்தலாகும். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடைய பெரியோர் பலர்க்குச் சர்க்கரையையும் நெய்யையும் துறத்தலும் உப்பைக் குறைத்தலும் தவமாகவும் மருந்தாகவும் அமையும்.

அங்ஙனமாயினும் உபவாசம் ஏற்கவே விழைவோர், சில நாட்களுக்கு முன்னரே மருத்துவரை அணுகி, எந்த மருந்தைக் குறைப்பது, எதனை நிறுத்துவது எனக் கேட்டறிதல் வேண்டும். தடுத்துவிடுவார் என்றஞ்சி உபவாசத்தை மருத்துவரிடம் மறைத்தல் தகாது. விரதம் ஏற்கும்பொழுதே, சர்க்கரை தாழின் உண்பேன் என்னும் விலக்கையும் உடன் வைத்துக்கொண்டால், இடர் நேருங்கால் மனம் தடுமாறாது. வீட்டிலுள்ள இளையோர் அன்று சோதனைக் கருவியையும் சர்க்கரையையும் அருகில் வைத்திருந்து, இரவிலும் ஒருமுறை அளந்து பார்ப்பாராக.

தசலட்சண நாட்கள் வருமுன், தாத்தாவும் பாட்டியும் உட்கொள்ளும் மாத்திரைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டி வருதல் அவ்விளையோர் ஆற்றக்கூடிய நற்றொண்டாகும். தவம் செய்வோர்க்குத் துணை நிற்றலும் அறமே.